போனைப் போட்டால்தான் இலை

அம்பாசமுத்திரத்தில் சாப்பாட்டுக்கடை நடத்தும் அழகியநம்பி, ஒரு நாள் காலையில் தன் குருவைப் பார்க்க வந்தார். குரு அவரைவிட வயதில் இளையவர்.

"வாசலில் ஒரு பெட்டி வைக்கப்போகிறேன், சாமி. போனை அதில் போட்டால்தான் இலை."

"ஏன்?"

"எவனும் சாப்பாட்டைப் பார்ப்பதில்லை. அவியலைக் கூட்டு என்று நினைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போகிறான். அடுப்படியில் வேகிறேனே, யாருக்காக?"

"சொல்லிப் பார்த்தீர்களா?"

"நேற்றுச் சொன்னேன். வாடிக்கையாக வரும் வாத்தியார் பாதியில் எழுந்து போய்விட்டார். பெட்டி வைத்தால் மிச்சப் பேரும் போவார்கள், கடையைப் பூட்ட வேண்டியதுதான் என்கிறாள் வீட்டில். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்."

"மதியம் சாப்பிட வருகிறேன்" என்றார் குரு.

மதியம் கூடம் நிறைந்திருந்தது. நம்பியே குருவுக்கு இலை போட்டு, சோறும் சாம்பாரும் பரிமாறினார். பிறகு வரிசைகளுக்கு நடுவே நடந்தார்.

ஒருவர் போனில் வாய்க்கால் தகராறு பேசிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, சோறு ஆறுது."

"வக்கீல் லைன்ல இருக்காரு, சும்மா இரும்வே."

"அவருக்கும் ஒரு இலை போடட்டுமா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த வரிசையில் ஒரு பெண் இலையைப் படம் எடுத்தாள்.

"படத்துல ருசி தெரியுமாம்மா?"

"எங்க அம்மாவுக்கு அனுப்புறேன். ஒழுங்கா சாப்பிடுறேனான்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க."

ஜன்னலோரத்தில் இன்னொரு போன் ஒலித்தது. நம்பி அங்கே போனார்.

குரு சாப்பிடும்போது பேசமாட்டார். வேண்டும் என்று கேட்கவும் மாட்டார். சற்று நேரம் காத்திருந்து இலையை மடித்தார். கை கழுவிவிட்டு வந்தார்.

"பார்த்தீர்களா, சாமி? இப்போது சொல்லுங்கள். பெட்டியை வைக்கலாமா?"

"எனக்கு ரசத்துக்குச் சோறு வரவில்லை."

நம்பி திரும்பிப் பார்த்தார். குருவின் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்துகொண்டிருந்தார்.

"நான் இங்கேயேதானே நின்றேன்."

"நின்றீர்கள். கூடத்தில் போன் இல்லாதவன் நான் ஒருவன்தான். என் பக்கம் நீங்கள் பார்க்க வேண்டியிருக்கவில்லை."