இலவந்துறைக் கேட்டுச் சடையனார்

சடையனார் செய்த வேலை சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் பெரிதில்லை. இலவந்துறையில் ரயில் வரும்போது பாதையின் குறுக்கே கேட்டைச் சாத்துவார், போனபின் திறப்பார். காலையில் மலையிலிருந்து ஒரு வண்டி இறங்கும். மாலையில் அதே வண்டி திரும்ப ஏறும். நடுவே கிடைத்த பொழுதெல்லாம், இரண்டு கேட்டுகளுக்கும் இடைப்பட்ட பாதையைப் பெருக்கிக்கொண்டிருப்பார். பன்னிரண்டு அடி தூரம்தான். முள், சல்லி, எஞ்சின் துப்பிவிட்டுப் போன கரிக்கட்டி எல்லாவற்றையும் கையால் பொறுக்குவார். ஆற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து தெளிப்பார். பிறகு தோப்புக்கு மேலே தெரியும் கோபுரத்தைப் பார்த்துக் கைகூப்புவார். அடுத்த வண்டி வந்து மறுபடி கரியைக் கொட்டிவிட்டுப் போகும். அவரும் மறுபடி விளக்குமாற்றை எடுப்பார். இதில் அவர் ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை.

அந்தப் பன்னிரண்டு அடிக்கு ஏன் இத்தனை பணிவிடை என்று தெரிய, அங்கே ரயில் வந்த கதை தெரிய வேண்டும்.

இலவமலையில் தேக்கும் கடுக்காயும் புளியும் மண்டிக் கிடந்தன. அவற்றைக் கீழே கொண்டுவர வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்று பள்ளத்தாக்கின் வழியே சின்ன ரயில் பாதை போட்டது. பெட்டிகள் மாட்டுவண்டியைவிடக் கொஞ்சம்தான் பெரியவை. ஏற்றத்தில் எஞ்சினுக்கு மூச்சு வாங்கும். அப்போது பயணிகள் இறங்கி, ஓரத்து மரத்தில் நாலு நெல்லிக்காய் பறித்துக்கொண்டு, நடந்தே போய் முன்பெட்டியில் ஏறிக்கொள்வார்கள். பனிக்காலத்தில் பள்ளத்தாக்கு முழுவதும் மூடிக் கிடக்கும். வண்டி கண்ணுக்குத் தெரியாது. மணிச் சத்தமும் கரிப்புகை வாசனையும் மட்டும் மரங்களுக்கு நடுவே மெல்ல நகர்ந்துபோகும். மலை தூக்கத்தில் ஏதோ பேசிக்கொள்கிறது என்று தோன்றும். அந்த ஊர்க்காரர்கள் பாதித் தூக்கத்தில் கேட்டு வளர்ந்த சத்தம் அது.

அந்தப் பாதை துணையிருந்தநாதர் கோயிலுக்கும் ஆற்றுக்கும் நடுவே போயிற்று. மாசி மகத்தன்று சுவாமி தீர்த்தவாரிக்கு ஆற்றுக்கு எழுந்தருள வேண்டும். சுவாமிக்காக ரயில் நிற்க வேண்டும் என்றார் அன்றைய தர்மகர்த்தா. மரம் ஏற்றி இறக்கத்தில் வரும் வண்டியை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது என்றார் கம்பெனித் துரை. இருவரும் மூன்று மாதம் மல்லுக்கட்டிக் கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். சுவாமி கேட்டருகே சற்று நிற்பது. கேட்டுக்காரர் இரண்டு பக்கமும் பார்த்துக் கொடியை அசைத்தபின் கடப்பது. அந்த நேரத்தில் கேட்டுக்காரர் சொல்வதே முடிவு. பத்திரத்தில் கையெழுத்தாயிற்று.

கையெழுத்துப் போட்ட தர்மகர்த்தா ஒன்றை யோசிக்காமல் விட்டுவிட்டார். கேட்டு வேலைக்குக் கம்பெனி வைத்த ஆள் சடையனார். அவருடைய தெருக்காரர்கள் அந்தக் காலத்தில் கோயிலுக்குள் போகக்கூடாது. கோயில் வீதியிலும் நடக்கக்கூடாது. சுவாமி புறப்பாட்டின்போது அறுபது அடி தள்ளி, நாணல் புதரருகே நின்று, குடையின் உச்சி தெரிந்தால் கும்பிட்டுக்கொள்ள வேண்டியதுதான். துணையிருந்தநாதர் என்று பெயரை வைத்துக்கொண்டு அந்த ஊர் செய்திருந்த ஏற்பாடு இது, என்னத்தைச் சொல்ல. ஆனால் கேட்டுக்காரர் கேட்டருகில்தான் நிற்க வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். ஆகவே வருஷத்தில் ஒரு நாள், சடையனாருக்கும் சுவாமிக்கும் நடுவே நாலு முழ தூரம்தான் இருந்தது.

முதல் வருஷம் அவர் கொடியை அசைக்கவே மறந்துபோனார். பல்லக்கில் வந்த நாதரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றவரைச் சபேச குருக்கள்தான் மெல்லக் கூப்பிட்டு நினைவுபடுத்தினாராம். அன்று வீட்டுக்குப் போய் மனைவி மாராளிடம், "சாமி கன்னத்துல சின்னதா ஒரு குழி இருக்குது புள்ள" என்றார். சொல்லிவிட்டு அழுதுவிட்டார். மறுநாள் காலை தொடங்கியதுதான் அந்தப் பெருக்கும் பழக்கம். சுவாமி போகும் வழியெல்லாம் ஊராருடையது; இந்தத் துண்டு வழி மட்டும் தம் பொறுப்பில் இருக்கிறது என்று அவர் எடுத்துக்கொண்டார்.

ஊருக்கு இது வேடிக்கையாக இருந்தது. வருஷத்துக்கு ஒரு தரம் வரும் சுவாமிக்குத் தினமும் கூட்டுகிறானே என்று கேலி பேசினார்கள். சடையனாரும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டுக் குனிந்து தம் வேலையைப் பார்ப்பார்.

இப்படிப் பதினெட்டு வருஷம் ஓடிற்று. பத்தொன்பதாம் மாசி மகத்தில் சோதனை வந்தது. அன்று வண்டி கிடையாது என்று மேலே இருந்த நிலையத்திலிருந்து முன்பே தகவல் வந்திருந்தது. மேளமும் நாகஸ்வரமும் முழங்கச் சுவாமி வந்து கேட்டருகே நின்றார். பனி இன்னும் விலகவில்லை. சடையனார் வழக்கம்போல் குனிந்து தண்டவாளத்தில் காதை வைத்தார். நிமிர்ந்ததும் கொடியைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டை இழுத்துச் சாத்தினார்.

தகப்பனாருக்குப்பின் தர்மகர்த்தா ஆகியிருந்த நாச்சிமுத்து வெகுண்டார். சுவாமியின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியவனை அந்த ஊர் அதுவரை கண்டதில்லை. முகூர்த்தம் தப்புகிறது, திற என்று அதட்டினார்.

"என்னமோ வருதுங்க எசமான். சாமிய சித்த நேரம் நிக்கச் சொல்லுங்க" என்றார் சடையனார், கேட்டில் முதுகைக் கொடுத்துக்கொண்டு.

யாரைப் பார்த்து நிற்கச் சொல்கிறாய் என்று ஒருவர் அவர் கன்னத்தில் அறைந்தார். அவர் நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் பனிக்குள்ளிருந்து கிறீச்சிட்டுக்கொண்டு ஒரு டிராலி இறக்கத்தில் பாய்ந்து வந்தது. நாலு ஆட்கள் தள்ளிவிட்டு ஏறிக்கொள்ளும் சின்னப் பலகை வண்டி. அதன்மேல் குடைக்கடியில் துரை ஒருவர் உட்கார்ந்திருந்தார். சொல்லாமல் கொள்ளாமல் பாதையைப் பார்வையிட வந்தவர் அவர். கூட்டத்தைக் கண்டு தொப்பியைத் தூக்கிக் காட்டிவிட்டுக் கடந்து போய்விட்டார்.

பெரிய ரயில் வந்திருந்தால்கூட ஊர் பொறுத்திருக்கும். நாதரின் குடை நின்று துரையின் குடை முந்திப்போயிற்று என்றால் யாருக்குத்தான் ஆறும்? தீர்த்தவாரி முகூர்த்தமும் தப்பிப்போனது. தண்டவாளத்தின்மேல் அந்த நேரம் பல்லக்கு நின்றிருந்தால் சுமப்பவர்களின் கதி என்ன என்று அன்று ஒருவரும் யோசிக்கவில்லை. சடையனாரை வேலையை விட்டு நீக்கும்படி நாச்சிமுத்து கம்பெனிக்கு எழுதிப் பார்த்தார். சட்டப்படிதான் நடந்திருக்கிறார் என்று கம்பெனி பதில் எழுதிவிட்டது. அதுமுதல் அவர் பெயர் ‘சாமியை நிறுத்தினவன்’. கடையிலும் கிணற்றடியிலும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். இந்தக் கேலிக்கு மட்டும் அவரால் சிரிக்க முடியவில்லை.

இரண்டு வருஷம் கழித்து மாராள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். சுவாமியை நிறுத்திய பாவம் சும்மா விடுமா என்று ஊர் பேசிற்று. சடையனாருக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம் உண்டு. ஆனாலும் மனைவியை அடக்கம் செய்துவிட்டு வந்து, காலை வண்டிக்குக் கேட்டைச் சாத்தித் திறந்து, விளக்குமாற்றை எடுத்தார். கோபுரத்தைப் பார்த்து அவர் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்று.

"என்ன வேணா எடுத்துக்குங்க சாமி. நிக்கற எடத்த மட்டும் எடுத்துறாதீங்க."

பிறகு உலகப் போர் வந்தது. எங்கோ நடந்த சண்டைக்கு இரும்பு போதவில்லை. இந்தக் குட்டி ரயிலின்மேல் கண் விழுந்தது. ஒரு கோடைக்குள் தண்டவாளங்களைப் பெயர்த்துக் கடைசி வண்டியிலேயே ஏற்றிக் கொண்டுபோனார்கள். தான் ஓடிய பாதையைத் தானே சுருட்டிக்கொண்டு வண்டி மலையடிவாரத்தைத் தாண்டி மறைந்ததை ஊரே நின்று பார்த்தது. கேட்டும் கொடியும் போயின. கீழே பெரிய பாதையில் ஒரு கேட்டில் வேலை தருகிறோம், வா என்று கம்பெனி மேஸ்திரி எத்தனையோ சொன்னார். சடையனார் கும்பிட்டு மறுத்துவிட்டார். விறகு வெட்டிப் பிழைத்தார். புல் முளைத்துக்கொண்டே வந்த பாதையில் அந்தப் பன்னிரண்டு அடியை மட்டும் புல் அண்டாமல் பார்த்துக்கொண்டார். இல்லாத ரயிலுக்குக் கேட்டுக்காரன் என்று ஊர் புதுப்பெயர் வைத்தது.

மறு மாசி மகம் வந்தது. அதிகாலையிலேயே பெருக்கி நீர் தெளித்து, தம் காலடித் தடத்தையும் அழித்துவிட்டு, பழைய இடத்தில் போய் நின்றார். நாச்சிமுத்து ஆளனுப்பினார். பத்திரம் கம்பெனியோடு போட்டது, கம்பெனியே போய்விட்டது, இனி அவரும் தம் தெருக்காரர்களைப்போல் நாணல் புதரருகேதான் நிற்க வேண்டும். சடையனார், சுவாமியை நிறுத்தியதற்குக் கடைசியில் தண்டனை வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு, அறுபது அடி நடந்து போய்ப் புதரருகே நின்றார். அங்கிருந்து பனியைத் தவிர அவருக்கு எதுவும் தெரியவில்லை.

மேளச் சத்தம் நெருங்கி வந்தது. பிறகு ஓர் இடத்திலேயே நின்றது.

கேட்டு இருந்த இடத்தில், நிற்கச் சொல்ல யாருமில்லாமலே, பல்லக்குச் சுமந்தவர்கள் நின்றுவிட்டார்கள். முப்பது வருஷப் பழக்கம், காலுக்கு மறக்கவில்லை என்று நாச்சிமுத்து முதலில் சிரித்தார். போகச் சொன்னார். அவர்கள் போகவில்லை. தோள் மாற்றிப் பார்த்தார்கள். ஆள் மாற்றியும் பார்த்தார்கள். முன்தண்டைச் சுமந்த பொங்கியண்ணன் வியர்த்துப்போய், பாரமாக ஒன்றும் இல்லை, கால்தான் எழமாட்டேன் என்கிறது என்றார். முகூர்த்தம் கரைந்துகொண்டிருந்தது.

சபேச குருக்களுக்கு அப்போது தள்ளாத வயது. சுவாமியின் முகத்தைச் சற்று அண்ணாந்து பார்த்தார். பிறகு யாரிடமும் கேட்காமல், பாதையைவிட்டு இறங்கி, அறுபது அடியையும் தாமே நடந்து நாணல் புதருக்குப் போனார்.

"நான் ஒண்ணும் பண்ணலீங்க குருக்களய்யா. இன்னொருக்கா சாமிய நிறுத்தின பாவம் எனக்கு வேண்டாமுங்க" என்று சடையனார் மண்ணில் விழுந்தார்.

குருக்கள் குனிந்து அவர் தோளைத் தொட்டார்.

"நீ அன்னிக்கும் நிறுத்தலை சடையா. அவரா நின்னார். இன்னிக்கும் அவராத்தான் நிக்கறார். வா."

சடையனார் எழுந்து போனார். தம் இடத்தில் நின்று மேற்புறம் பார்த்தார், பனியும் புல்லும்தான். கீழ்ப்புறம் பார்த்தார், அங்கும் அப்படியே. தண்டவாளம் இல்லாத மண்ணில் மண்டியிட்டுக் காதை வைத்தார். வெகுநேரம் அப்படியே இருந்தார். மேளக்காரர்கள் கோலைத் தொங்கவிட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். மலைப்பக்கம் மணிச் சத்தம் கேட்டதாகவும், கரிப்புகை வாசனை காற்றில் கடந்துபோனதாகவும் அன்று அங்கே நின்றவர்களில் பலர் பின்னாளில் சொன்னதுண்டு. அவர்களோடு வாதாட நமக்கு மனமில்லை.

சடையனார் எழுந்தார். கண்ணீரைத் துடைத்துக்கொள்ளவும் தோன்றாமல், வெறும் வலக்கையை உயர்த்தி, "வாங்க சாமி" என்றார்.

பல்லக்கு நகர்ந்தது. நாதர் நாலு முழ தூரத்தில் அவரைப் பார்த்தபடியே கடந்துபோனார். நாணல் புதரருகே நின்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து சடையனாருக்குப் பின்னால் நின்றார்கள். தள்ளிப் போங்கள் என்று சொல்ல வந்த நாச்சிமுத்து, வழி விட்டு ஒதுங்கிக்கொண்டார்.

சடையனார் அதற்குப்பின் பதினோரு மாசி மகம் இருந்தார். பதினோரு முறையும் நாதர் அங்கே நின்று, அவர் கை உயர்ந்தபின்னரே ஆற்றுக்குப் போனார். தம்மை நிறுத்தியவன் என்று ஊர் தூற்றிய ஒருவருக்காக, நாதர் தாமே விரும்பிக் காத்து நின்றார் என்றால், அந்த அடியாரின் பெருமையை நாம் என்னவென்று சொல்வது. சடையனார் திருநாமம் வாழ்க.