மூன்று மில்லி செகண்ட்

குரு என்றால் தாடியும் கமண்டலமும் வேண்டும் என்பவர்கள் இந்தக் கதையைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதில் வரும் குருவுக்கு முப்பத்துமூன்று வயது. பெயர் ரஹீமா. கோயம்புத்தூரில் ஒரு சிறிய மென்பொருள் கம்பெனியின் நாலாவது மாடியில், ஏசி காற்று எட்டாத மூலையில் உட்கார்ந்திருப்பார். சீடருக்கு நாற்பத்தேழு. பெயர் வேதமாணிக்கம். இருபது வருஷம் பம்பு கம்பெனியில் தரப் பரிசோதனை பார்த்தவர். அதை இழுத்து மூடியபின் கம்ப்யூட்டர் பக்கம் வந்து, தன்னைவிடப் பதினாலு வயது இளையவரிடம் அரிச்சுவடியிலிருந்து படித்தவர்.

“எனக்கு குரு அவங்கதான்” என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்வார். ரஹீமாவுக்கு அதைக் கேட்டால் கூச்சமாக இருக்கும். கொஞ்சம் பிடிக்கவும் செய்யும்.

அவர்கள் பார்த்துவந்த வேலை இது. நகரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள ஏழு ரத்த வங்கிகளின் கையிருப்பு ஒரே திரையில் தெரியும். எந்த வகை ரத்தம், எந்த வங்கியில், எத்தனை பை. யார் வேண்டுமானாலும் தங்கள் போனில் பார்த்துக்கொள்ளலாம். விவரமெல்லாம் கிளவுடில், வேகத்துக்குப் பேர்போன ஒரு டேட்டாபேஸில் இருந்தது.

அந்த டேட்டாபேஸ் ஒரே விவரத்தைப் பல இடங்களில் பிரதி எடுத்து வைக்கும். தலைமைப் பிரதியைக் கேட்டால் பதில் சரியாக இருக்கும். வர நாற்பது மில்லி செகண்ட் ஆகும். பக்கத்துப் பிரதியைக் கேட்டால் மூன்றே மில்லி செகண்ட். ஆனால் தலைமையில் நடந்த மாற்றம் அதற்குள் பக்கத்துப் பிரதிக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். வேலை நெருக்கும் நேரத்தில் பத்து நிமிஷம்கூடப் பிந்தலாம் என்று கையேட்டில் எழுதியிருந்தது. மாணிக்கம் அதைப் படித்திருந்தார். படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தார்.

ஏப்ரல் மாதம் ஒரு நாள், யாரும் கேட்காமலே, பக்கத்துப் பிரதியிடமே பதில் வாங்கும்படி புரோகிராமில் ஒரே ஒரு வரியை மாற்றினார். நாற்பது மூன்றானது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. மிச்சமான முப்பத்தேழு மில்லி செகண்டில் ஒருவரால் கண்ணைக்கூட மூடித் திறக்க முடியாது என்பது அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

ஆகஸ்டில் டேட்டாபேஸ் கம்பெனிக்காரர்கள் பயனர்களிடம் அனுபவக் கட்டுரை கேட்டார்கள். நாற்பது மூன்றான கதையை மாணிக்கம் எழுதி அனுப்பினார். அது தேர்வாகிவிட்டது. சனிக்கிழமை சென்னையில், நானூறு பேர் முன்னால், அவரே மேடையேறி வாசிக்க வேண்டும். மனைவி ஸ்டெல்லா கூட வருவதற்காக லீவு சொல்லிவிட்டார். மகன் அப்பாவின் போட்டோவை ஸ்டேட்டஸில் வைத்தான். பம்பு கம்பெனி வேலை போனபோது ‘இந்த ஆள் இனி எங்கே எழுந்திருக்கப் போகிறார்’ என்று சொந்தக்காரர்களிடம் சொல்லித் திரிந்த மச்சான்கூட வாழ்த்து அனுப்பியிருந்தார். அந்த ஒரு வாழ்த்தை மாணிக்கம் நாலு தடவை படித்தார்.

செவ்வாய்க்கிழமை கட்டுரையோடு குருவிடம் போனார்.

“மேடம், ஒரு தடவை பாருங்க. எல்லாம் இருக்கு. ஆனா ஏதோ ஒண்ணு குறையுற மாதிரி இருக்கு. என்னன்னு பிடிபடலை.”

ரஹீமா படித்தார். ‘முன்பு நாற்பது, இப்போது மூன்று’ என்ற வரிக்கு வந்ததும் நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

“இதுல யாரெல்லாம் வர்றாங்க, சார்?”

“யாருன்னா?”

“ஆளுங்க.”

மாணிக்கம் யோசித்தார். கட்டுரையில் ஐந்து வரைபடங்கள் இருந்தன. ஆள் என்று பார்த்தால் அவர் ஒருவர்தான்.

“நாளைக்கு பூ மார்க்கெட் பக்கத்துல இருக்கிற ரத்த வங்கிக்குப் போங்க. கவுண்டர்ல ஒரு நாள் உக்காருங்க. உதவிக்கு ஒருத்தர் வருவார்னு நான் சொல்லி வைக்கிறேன். நீங்க யாருன்னு சொல்ல வேண்டாம்.”

“என்னத்தைப் பாக்கணும் மேடம்?”

“உக்காந்தா போதும்.”

இந்தக் குருமார்களே இப்படித்தான். ஒரு வரியில் சொல்லிவிடக்கூடியதற்கு ஒரு நாள் அலைய விடுவார்கள். மாணிக்கம் முணுமுணுத்துக்கொண்டேதான் மறுநாள் கிளம்பினார்.

கவுண்டரில் சுகந்தி என்ற டெக்னீஷியன் இருந்தார். அவர் முன்னால் கம்ப்யூட்டர் திரை. அதன் பக்கத்தில் பழைய பட்டன் போன் ஒன்றும், கிழித்த காலண்டர் தாளும், பென்சிலும் கிடந்தன. மாணிக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஒருவர் வந்து பி நெகட்டிவ் கேட்டார். சுகந்தி திரையைப் பார்த்தார். பார்த்த கையோடு பட்டன் போனை எடுத்தார்.

“அண்ணா, உங்ககிட்ட பி நெகட்டிவ் மூணு காட்டுதுங்க. நெசமாலுமே இருக்குதுங்களா? ஒண்ணுதானா? சரிங்ண்ணா.”

காலண்டர் தாளில் ஒன்று என்று எழுதிக்கொண்டார்.

மாணிக்கத்துக்குப் பொறுக்கவில்லை. “ஸ்கிரீன்லயே இருக்கேம்மா. எதுக்குப் போன்?”

“அது கொஞ்சம் பழசைச் சொல்லுதுங்க சார். காலைல கூட்டமா இருந்தா ரொம்பவே பழசு. ஏப்ரல்ல இருந்து இப்படித்தான்.”

“வேகம்? முன்னைவிட இப்ப வேகமா இருக்குமே?”

சுகந்தி திரையைத் திரும்பிப் பார்த்தார். “வேகமுங்களா? அது எப்பவும்போலத்தான் இருக்குதுங்க.”

மாணிக்கத்துக்குக் காது சுட்டது.

“யார்கிட்டயும் சொல்லலையா நீங்க?”

“படிச்சவங்க ஏதோ காரணமாத்தான் மாத்தியிருப்பாங்கன்னு விட்டுட்டோமுங்க. இப்ப ஏழு வங்கியும் போன்லயே பேசிக்கிறோம். பழகிருச்சு. வெளியாளுங்கதான் பாவம், ஸ்கிரீனை நம்பிப் போயிடறாங்க.”

பதினொன்றரை மணிக்கு ஒரு வெளியாள் வந்தார். பெயர் ராக்கியப்பன். தேங்காய் மண்டியில் லோடு ஏற்றுபவர். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“மாமியாருக்கு ஆபரேசனுங்க. ஓ நெகட்டிவ் ரெண்டு யூனிட் வேணும்னாங்க. போன்ல பாத்தேன், சூலூர்ல ரெண்டு இருக்குதுன்னு போட்டிருந்துச்சு. பஸ்ஸேறிப் போனா, இல்லைன்னுட்டாங்க.”

“எத்தனை மணிக்குங்க பாத்தீங்க?” என்றார் சுகந்தி.

“பத்தேகால் இருக்கும்.”

சுகந்தி சூலூருக்குப் போன் போட்டுக் கேட்டார். அந்த இரண்டு பைகளும் பத்து மணி எட்டு நிமிஷத்துக்கே போயிருந்தன. மாணிக்கம் கணக்குப் போட்டார். ஏழு நிமிஷப் பழசு. அந்தப் பொய்யான இரண்டு, ராக்கியப்பனின் போனுக்கு மூன்று மில்லி செகண்டில் போய்ச் சேர்ந்திருக்கும்.

சுகந்தி விடவில்லை. ஒவ்வொரு வங்கியாகக் கூப்பிட்டார். ஐந்தாவது இடத்தில் இரண்டு பை கிடைத்தது. யாருக்கும் கொடுத்துவிடாமல் எடுத்து வைக்கச் சொன்னார். பிறகு ராக்கியப்பனைப் பார்த்து, “வீணா அலைஞ்சுட்டீங்க. மன்னிச்சுக்குங்கண்ணா” என்றார்.

“அட, நீங்க என்ன பண்ணுவீங்க! தப்பு என்னுதுங்க. எனக்குப் போன்ல பாக்கத் தெரியலை. பன்னெண்டுக்கு ஆபரேசன்னு சொல்லி, ராத்திரியில இருந்து அந்தம்மாளுக்குப் பச்சைத் தண்ணி குடுக்கலை. இப்பச் சாயங்காலத்துக்குத் தள்ளி வெச்சுட்டாங்க. வயசானவளை அங்க பட்டினி போட்டுட்டு நான் ஊரு சுத்தியிருக்கேன் பாருங்க.”

தலையில் அடித்துக்கொண்டார். பிறகு போனை மாணிக்கத்திடம் நீட்டினார்.

“சார், உங்களைப் பாத்தா படிச்சவராட்டத் தெரியுது. இதை எப்படிப் பாக்கணும்னு கொஞ்சம் சொல்லிக் குடுங்க. அடுத்தவாட்டி தப்பு பண்ணாம இருப்பேன்.”

மாணிக்கம் போனை வாங்கினார். அவர் செய்த திரை. அவர் பார்த்துப் பார்த்து வைத்த பச்சை நிறம். ‘நீங்கள் சரியாகத்தான் பார்த்தீர்கள்’ என்று சொன்னால் போதும். மூன்றே வார்த்தைதான்.

“அடுத்த தடவை, போன் பண்ணிக் கேட்டுட்டுப் போங்க” என்றார்.

“சரிங்க சார். பெரிய உதவி.” ராக்கியப்பன் கும்பிட்டுவிட்டு ஓடினார்.

நீங்கள் யாரென்று சொல்ல வேண்டாம் என்று குரு சொன்னது எவ்வளவு வசதியாகப் போயிற்று! அந்த வசதியை நினைத்தபோதுதான் மாணிக்கத்துக்கு நிஜமாகவே அவமானமாக இருந்தது. பம்புகளைச் சோதித்த காலத்தில், ஒரு சொட்டு ஒழுகினாலும் தன் கையெழுத்தைப் போட மறுத்த ஆள் அவர். சாயங்காலம்வரை அந்த நாற்காலியில் உட்காரச் சொல்லியிருந்தார்கள். அவரால் முடியவில்லை. சுகந்தியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு இரண்டு மணிக்கே எழுந்துவிட்டார்.

ஆபீசுக்கு வந்ததும் யாரிடமும் பேசாமல் அந்த ஒரு வரியைப் பழையபடி மாற்றினார். மூன்று நாற்பதானது. பிறகு குருவின் முன்னால் போய் நின்றார்.

“உக்காருங்க சார்.”

“இல்ல மேடம், நிக்கிறேன்.”

நடந்ததைச் சொன்னார். ராக்கியப்பன் போனை நீட்டியதையும், தான் சொன்ன பதிலையும் மறைக்காமல் சொன்னார். சொல்லும்போது ரஹீமாவின் முகத்தைப் பார்க்கவில்லை. மேஜை ஓரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

ரஹீமா ஒன்றே ஒன்று கேட்டார்.

“ஏப்ரல்ல நீங்க மாத்தினப்போ, சரின்னு அனுமதி குடுத்தது யாரு சார்?”

“நீங்கதான் மேடம்.”

“கையேட்டைப் பாத்துட்டா குடுத்தேன்? மூணுன்னு பாத்தேன். குடுத்துட்டேன்.”

மாணிக்கம் தலை நிமிர்ந்தார்.

“இன்னொண்ணும் இருக்கு. நேத்து உங்க கட்டுரையைப் படிச்சப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. அப்பவே அந்த வரியை நான் மாத்தியிருக்கணும். ஒரு நிமிஷ வேலை. நீங்களே போய்ப் பாத்துத் தெரிஞ்சுக்கட்டும்னு ஒரு நாள் விட்டு வெச்சேன். உங்களுக்குப் பாடம் சொல்லித் தர்றேனாம். அந்த ஒரு நாள்லதான் அவர் சூலூருக்குப் போயிட்டு வந்திருக்கார்.”

நாலு வருஷத்தில் குரு இப்படிப் பேசி மாணிக்கம் கேட்டதில்லை. தன்னுடைய வெட்கத்தையே தாங்க முடியாமல் வந்தவருக்குக் குருவின் வெட்கத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அதை மூடிவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

“விடுங்க மேடம். யாருக்கும் எதுவும் ஆகலையே. சாயங்காலம் ஆபரேஷன் பண்றாங்களாம்.”

“ம்.”

“சென்னைக்கு உடம்பு சரியில்லைன்னு எழுதிடறேன். ஸ்டெல்லாகிட்டயும் அப்படியே சொல்லிக்கிறேன். நானூறு பேர் முன்னாடி நின்னு இதை எப்படிச் சொல்றது? மச்சான் காதுக்குப் போனா ஊரு பூரா சிரிக்கும்.”

“எழுதலாம்.”

“அதான் மாத்தியாச்சே மேடம். இப்ப எல்லாம் சரியாத்தானே இருக்கு? இனிமே யார்கிட்ட என்னத்தைச் சொல்லணும்?”

ரஹீமா சுகந்திக்குப் போன் செய்து ஒரு நம்பர் கேட்டார். அதை ஒரு சீட்டில் எழுதினார். எழுதிய நம்பரைத் தன் போனில் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, மேஜையில் இருவருக்கும் நடுவில் வைத்தார். அந்தப் பக்கம் மணி அடிக்கத் தொடங்கியது.

“யாருக்கு மேடம்?”

“ராக்கியப்பனுக்கு.”

“இப்ப எதுக்கு? நான்தான் சரி பண்ணிட்டேனே!”

“நீங்க இங்க சரி பண்ணிட்டீங்க சார். அவருக்கு இன்னும் போய்ச் சேரலை. தப்பு தன்னோடதுன்னுதான் இந்த நிமிஷம் வரைக்கும் நினைச்சிட்டிருக்கார்.”