சூசை சொல்லாத கடிதம்

"ஐயா, தலைவரின் எட்டுக் கடிதங்கள் அச்சாகிவிட்டன. ஒன்பதாவது மட்டும் கிடைக்கவில்லை," என்றார் மாசிலாமணி.

பொன்னுரங்கம் ஊறிய தேங்காய் நாரை உதறிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"யாரிடம் இருக்கிறது?"

"சூசையிடம்."

"கேட்க வேண்டியதுதானே?"

"சொல்ல மாட்டேன் என்கிறான்."

அந்நியர் ஆண்ட காலத்தில், தீவுச் சிறையில் காகிதம் வைத்திருந்தால் கசையடி. அதனால் தலைவர் அறவாழி தம் கடிதங்களை எழுதவில்லை. கயிறு திரிக்கும் கொட்டடியில், ஒவ்வொன்றையும் ஒவ்வொருவன் காதில் சொன்னார். அடி தாங்காமல் ஒருவன் உளறினாலும் ஒன்றுதானே போகும். கயிற்றை முறுக்கிக்கொண்டே மனப்பாடம் செய்யப் பழக்கியவர், கூடவே சிறையிருந்த பொன்னுரங்கம். நான்காம் கடிதம் மாசிலாமணிக்கு. சிறையில் அவர் பெயரே 'நாலு'.

பிறகு விடுதலை வந்தது. அறவாழி புதிய நாட்டின் முதல் கொடியை ஏற்றினார். கடிதங்களை எழுதித் தாருங்கள் என்று கேட்டவர்களிடம், "உங்களிடம்தானே இருக்கின்றன," என்று சிரித்தார். சீக்கிரமே கண்ணை மூடினார்.

சீடர்கள் நாற்காலிகளைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். மாசிலாமணிக்கு உள்துறை கிடைத்தது. பொன்னுரங்கம் எதையும் கேட்கவில்லை. நாரை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டார்.

"சூசை இப்போது எங்கே?"

"சிறையில்."

"எந்தச் சிறை?"

மாசிலாமணி தொண்டையைச் செருமினார். "அதே சிறைதான். பூட்டுகளை மட்டும் மாற்றியிருக்கிறோம்."

"என்ன செய்தான்?"

"சந்தையில் நின்றுகொண்டு அரசாங்கத்தைத் திட்டினான், ஐயா. நம்மைத் திருடர்கள் என்றான். கூட்டம் கைதட்டியது. தேசத்துரோகம். நாளைக் காலையில் தூக்கு."

"உத்தரவில் யார் கையெழுத்து?"

"என்னுடையதுதான்."

"கிழித்துப் போட முடியாதா?"

"முடியும். ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே. அதை விடுங்கள், ஐயா. அவனோடு சேர்ந்து கடிதமும் போய்விடக் கூடாது. நீங்கள் வந்து கேட்டால் சொல்வான். விடுதலையைப் பற்றித் தலைவர் சொன்னதில் ஒரு சொல்கூட வீணாகக் கூடாது."

பொன்னுரங்கம் இப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தார்.

"உன் கடிதத்தைச் சொல், நாலு."

மாசிலாமணி பைக்குள் கைவிட்டு, தங்க எழுத்துப் பொறித்த புத்தகத்தை எடுத்தார்.

"படிக்கச் சொல்லவில்லை."

"வயதாகிவிட்டது, ஐயா. முதல் வரியே வரமாட்டேன் என்கிறது."

"கை சும்மா இருந்தால் எப்படி வரும்?"

ஈர நார்க் கற்றை அமைச்சரின் மடியில் வந்து விழுந்தது. சலவை வேட்டி நனைந்தது.

மாசிலாமணி நாரிலிருந்து இரண்டு பிரி எடுத்தார். உள்ளங்கையில் வைத்து உருட்டினார். தோல் எரிந்தது. மறுபடி உருட்டினார். பிரிகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டன. வாய் தானாகத் திறந்தது.

"தோழரே, உயிரைக் கொடுத்து விடுதலை வாங்கலாம் என்கிறார்கள். கொடுக்கிறவன் தன் உயிரைக் கொடுக்கட்டும். அடுத்தவன் உயிரை எடுத்துக் கொடுக்க நாம் யார்?"

கை நிற்கவில்லை. நார் தீரத் தீர, பொன்னுரங்கம் புதுக் கற்றையை நீட்டினார்.

"நாளை நாம் ஆளுவோம். அன்றைக்கும் நம்மைத் திட்ட ஒருவன் வருவான். திட்டட்டும். நமக்குக் காது வலிக்கும். வலிக்கிறவரைக்கும் விடுதலை உயிரோடு இருக்கிறது என்று..."

விரல்கள் முறுக்கிக்கொண்டே இருந்தன.

"...என்று நம்பு. அவன் வாயை மூடிவிட்டால் உனக்கு வலி நின்றுவிடும். அன்று உன் ஊருக்கும் இந்தத் தீவுக்கும் நடுவில் கடல் இருக்காது."

கடிதம் முடிந்தது. கையும் நின்றது. காலடியில் கயிறு சுருண்டு கிடந்தது.

மாசிலாமணி அதைப் பார்த்தார்.

பொன்னுரங்கம் ஒரு முனையைப் பிடித்து, பலமாக இழுத்துப் பார்த்தார்.

"கை எதையும் மறக்கவில்லை. நல்ல முறுக்கு. சூசையைத் தாங்கும்," என்றார். "எடுத்துக்கொண்டு போ. காலையில் வேண்டியிருக்கும்."