வளைவில் கேட்ட மந்திரம்

மலைமேல் இருந்த சிறிய மடத்துக்கு நல்லசிவம்தான் ஜீப் ஓட்டினான். மடத்தின் குரு தையல்நாயகி அம்மாளிடம் தீட்சை வாங்கியவன். சந்தைக்குப் போகும் மலைச் சனங்களையும் அவனே கீழே கொண்டுபோய் விடுவான். கொஞ்ச நாளாக ஸ்டியரிங்கைத் தொட்டாலே அவனுக்கு உள்ளங்கை வியர்த்தது.

அன்று பின்னால் நான்கு பேர் ஏறியிருந்தார்கள். ஒருத்தி மடியில் கைக்குழந்தை. அம்மாள் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, பயம் போக ஒரு மந்திரம் சொல்லித் தரணும்."

"எதுக்குப் பயம்?"

"தெரியலைம்மா. எவ்வளவு ஜபம் பண்ணினாலும் போகமாட்டேங்குது."

வண்டி இறங்கத் தொடங்கியது. வளைவுக்கு வளைவு அவன் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

"தெரியாமலா இப்படி நடுங்குறே?"

நல்லசிவம் பின்னால் இருப்பவர்கள் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினான்.

"டயர்தான்ம்மா. வண்டி வாங்கினப்போ போட்டது, பத்து வருஷம் ஆச்சு. தரையில படுற பட்டன் அவ்வளவாத் தேயலை, அதான் விட்டுட்டேன். ஆனா பக்கவாட்டுல ரப்பர் பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கு."

"வண்டியை நிறுத்து."

அவன் கால் பிரேக்குக்குப் போவதற்குள் டமார் என்றது. ஸ்டியரிங் கையைப் பிடுங்கியது. ஜீப் பள்ளத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு ஓடியது. யாரோ அலறினார்கள். தடுப்புச் சுவரை இடித்துக்கொண்டு, ஒரு முன்சக்கரம் அந்தரத்தில் தொங்க, வண்டி நின்றது.

யாரும் அசையவில்லை. சுவரிலிருந்து பெயர்ந்த கற்கள் கீழே, வெகு கீழே உருண்டுகொண்டிருந்தன.

"பின்பக்கமா இறங்குங்க," என்றார் அம்மாள். "மெதுவா. ஒவ்வொருத்தரா."

குழந்தை முதலில் கைமாறியது. கடைசியாக நல்லசிவம் தவழ்ந்து வெளியே வந்தான். குழந்தையைப் பார்க்கப் போனான். தாய் அதை மார்போடு இறுக்கிக்கொண்டு அவனைவிட்டு விலகிப் போனாள்.

அவன் குருவின் காலடியில் விழுந்தான். அந்தக் கால்களும் நடுங்கிக்கொண்டிருந்தன.

"இனி என்னால வண்டியைத் தொடவே முடியாதும்மா. இந்தப் பயம் என்னைக் கொன்னுடும். இப்பவாவது அந்த மந்திரத்தைக் கொடுங்க."

அம்மாள் அவனைத் தூக்கி நிறுத்தினார்.

"முதல்ல டயரை மாத்து. நாலையும் மாத்து. அதுக்கப்புறமும் பயம் மிச்சமிருந்தா வா, மந்திரம் தர்றேன்."