பேரிக்காட்டில் முதலிடம்

"மூணாம் பக்கத்துல கிடக்கேன், டீச்சர். அங்க ஈ காக்காகூட எட்டிப் பார்க்காது. முதல் இடத்துக்கு வர ஒரு வழி சொல்லுங்க."

இப்படிக் கேட்ட சூசைமாணிக்கத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. டீச்சர் ஹசீனாவுக்கு இருபத்தேழு. வத்தலக்குண்டில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் உட்கார்ந்துகொண்டு, இணையதளங்களைத் தேடலில் மேலே ஏற்றும் வித்தையைச் சொல்லித்தருகிறவள் அவள். நரைத்த தலைகள்கூட அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும்.

சூசைமாணிக்கத்திடம் இருந்தது ஒரே ஒரு ஆம்புலன்ஸ். ஆபத்து நேரத்தில் ஜனங்கள் போனில் தேடி, முதலில் கண்ணில் படுகிற நம்பருக்குத்தான் அடிப்பார்கள். மூணாம் பக்கம் வரை புரட்ட யாருக்குப் பொறுமை இருக்கிறது? வண்டி ஷெட்டிலேயே தூங்கியது. வீட்டில் அதை விற்றுத் தொலைக்கச் சொல்லிவிட்டார்கள். மனுஷன் நொந்து நூலாகிப் போயிருந்தார்.

"எந்த ஊர்லண்ணே முதல் இடம் வேணும்?" என்றாள் டீச்சர்.

"எல்லா ஊர்லயும்தான்."

அவள் சிரிக்கவில்லை. ஒரு வேலை கொடுத்தாள். சுற்றுவட்டாரத்தில் ஒவ்வொரு ஊருக்கும் வண்டியை ஓட்டிப் பார்த்து, போய்ச் சேர எத்தனை நிமிஷம் ஆகிறதென்று எழுதிக்கொண்டு வரச் சொன்னாள்.

சூசைமாணிக்கத்துக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வித்தை கேட்டு வந்தால் டீசலை எரிக்கச் சொல்கிறாளே.

அவர் வண்டியை எடுக்கவே இல்லை. வீட்டில் உட்கார்ந்து தன் இணையதளத்துக்கு ஒரு பக்கம் எழுதினார். 'பெரியகுளத்தில் பத்தே நிமிடத்தில் ஆம்புலன்ஸ்.' அதையே நகலெடுத்து, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினார். கொடைக்கானலில் பத்தே நிமிடத்தில். கவுஞ்சியில் பத்தே நிமிடத்தில். தெரிந்த ஊர்கள் தீர்ந்ததும் வரைபடத்தைப் பார்த்து, ஜென்மத்தில் கால் வைக்காத மலைக் கிராமங்களையும் சேர்த்தார். மொத்தம் நாற்பத்திரண்டு ஊர்.

அப்புறம் தினமும் பல் விளக்குவதற்கு முன்னால் தேடிப் பார்ப்பதே பிழைப்பாகிவிட்டது. மூன்றாவது வாரம் பலித்தது. பாதிக்குமேல் ஊர்களில் அவர்தான் முதலிடம்.

அல்வா பொட்டலத்தோடு மாடியேறினார். மத்தியான வெயிலில் வேர்த்து வழிய, போனை நீட்டினார். பேரிக்காடு என்று ஒரு மலைக் கிராமம். தேடலில் முதல் வரியில் அவர் பெயர் நின்றது.

டீச்சர் அதைப் பார்த்தாள். பொட்டலத்தைத் தொடவில்லை.

அவர் கையிலேயே போன் அடித்தது.

"பாருங்க, இப்படித்தான் வரும் இனிமே," என்று பூரித்துப்போய் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஆம்புலன்ஸா? அண்ணே, பேரிக்காட்ல இருந்து பேசறேன். அப்பாவுக்கு மூச்சு முட்டுது. உதடெல்லாம் நீலமாயிருச்சு. பத்து நிமிஷத்துல வந்துருவீங்கன்னு போட்டிருக்கு. நான் ரோட்டுல வந்து நிக்கட்டுமா?" என்று ஒரு பெண் குரல் பதறியது.

அவர் மனசுக்குள் வழியைக் கணக்குப் போட்டார்.

மலையேறிக் கொடைக்கானல். அதைத் தாண்டி இன்னும் உள்ளே. மூன்றரை மணி நேரம். பனி இறங்கினால் நாலு.

இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. யார் எங்கிருந்து கூப்பிட்டாலும் 'வண்டி கிளம்பிருச்சு' என்று சொல்லிவிடுவார்கள். சொல்லிவிட்டால் கூப்பிட்டவர் வேறு யாருக்கும் அடிக்கமாட்டார், காத்துக்கொண்டிருப்பார். சூசைமாணிக்கமும் பத்து வருஷமாகச் சொல்லிவந்ததுதான். நாக்கு தானாகப் புரண்டது.

"வண்டி..."

டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே? லைன்ல இருக்கீங்களா?"

"ரோட்டுல நிக்காதம்மா," என்றார். "என்னால வர முடியாது. நான் கீழ வத்தலக்குண்டுல இருக்கேன். அதுல போட்டிருக்கிறது பொய்."

அழுகையினூடே அந்தப் பெண், அரசாங்க வண்டி வேறொரு நோயாளியை ஏற்றிக்கொண்டு கீழே போயிருப்பதாகவும், திரும்பி வர ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகுமென்றும் சொன்னாள்.

"இப்ப நான் யாரைக் கூப்பிடறது?"

டீச்சர் அதற்குள் தன் போனில் பேரிக்காட்டைத் தேடிக்கொண்டிருந்தாள். வரிசையாகச் சூசைமாணிக்கத்தின் ஊர்ப் பக்கங்களே நின்றன; முதல் பக்கத்தைத் தள்ளினாள். இரண்டாம் பக்கத்தின் அடியில் நின்றாள். போனை அவர் முன்னால் வைத்தாள்.

மூன்றே வரி. 'கவுஞ்சி ஜீப். ஆக்சிஜன் உண்டு. பேரிக்காட்டுக்கு இருபத்தைந்து நிமிடம், மழையென்றால் நாற்பது.' கீழே ஒரு நம்பர்.

சூசைமாணிக்கம் அந்த நம்பரை ஒவ்வொரு எண்ணாக வாசித்தார். அந்தப் பெண்ணைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். இன்னொரு தடவை வாசித்தார். லைன் துண்டானது.

இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். கீழே ஜெராக்ஸ் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் மறுபடி பார்த்தார், ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை.

எந்தத் தளம் எந்த இடத்தில் நிற்கிறதென்று தினமும் குறித்துவைக்கும் மென்பொருளைத் திறந்து, டீச்சர் தன் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினாள். பேரிக்காட்டுத் தேடலில் கவுஞ்சி ஜீப் எந்த நாளில் எந்த இடத்தில் நின்றது என்கிற கணக்கு அதில் இருந்தது. ஒன்று, ஒன்று, ஒன்று என்று மாசக்கணக்கில் ஒரே எண். போன வாரம் பத்தொன்பது.

சூசைமாணிக்கம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

முப்பத்தோராவது நிமிஷம் போன் வந்தது. ஜீப் வந்துவிட்டதாம், அப்பா முகத்தில் மாஸ்க் போட்டாகிவிட்டதாம், கொடைக்கானலுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்களாம். அந்தப் பெண் அவருக்கு நன்றி வேறு சொன்னாள். அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

அங்கேயே உட்கார்ந்து பக்கங்களை அழித்தார். நாற்பத்தொன்றும் போயின. வத்தலக்குண்டு மட்டும் மிஞ்சியது. பிறகு பேரிக்காடு என்று தேடிப் பார்த்தார்.

முதல் வரியில் அவர் பெயரே இருந்தது.

"அழிச்சிட்டேனே. இன்னும் நிக்குதே, டீச்சர்?"

"கொஞ்ச நாள் அப்படித்தான் நிக்கும்ணே."

"அதுவரைக்கும்?"

அவள் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, அதன் தலையில் பேரிக்காடு என்று போட்டுக் கவுஞ்சி ஜீப்பின் நம்பரை எழுதி, அவர் பக்கம் நகர்த்தினாள். பேனாவையும் வைத்தாள். கீழே நாற்பது ஊருக்கு இடம் இருந்தது.

போன் அடித்தது. புது நம்பர்.

சூசைமாணிக்கம் முதல் மணியிலேயே எடுத்தார்.

"எந்த ஊர்ல இருந்து பேசறீங்க?"