காலி இன்பாக்ஸ், நிறைந்த அரங்கு

கோயம்புத்தூர் ஸ்டார்ட்அப் மாநாட்டில், ‘வந்த மெயிலுக்கு அன்றே பதில்’ என்ற தலைப்பில் பேச விண்ணப்பித்து இடமும் வாங்கிவிட்டார் முதலாளி வேதமுத்து. அவர் இன்பாக்ஸிலோ பதில் போடாத மெயில்கள் மலையாய்க் கிடந்தன.

புது உதவியாளர் பூங்கோதையைக் கூப்பிட்டார். “நாளைக்கு இன்பாக்ஸைத் திரையில காட்டணும். அது காலியா இருக்கணும், அரங்கு நிறைஞ்சிருக்கணும். இல்லேன்னா நீ வேலைக்கு வராதே.”

“ரெண்டும் ஒரே வேலைதான் சார்.”

மறுநாள் இன்பாக்ஸ் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. அரங்கில் நிற்க இடமில்லை. பூரித்துப்போன முதலாளி, “கேள்வி இருக்கா?” என்றார்.

அத்தனை கையும் உயர்ந்தது. “என் மெயிலுக்கு என்ன பதில்?”

சட்டையில் மைக் இருப்பதை மறந்து, “யாரும்மா இவங்கல்லாம்?” என்று மேடையோரம் நின்ற பூங்கோதையிடம் கிசுகிசுத்தார்.

“‘நேர்ல வாங்க, சார் பதில் சொல்வார்’னு எல்லாருக்கும் பதில் போட்டேன். உங்க இன்பாக்ஸ்தான் சார் வந்திருக்கு.”