ஒரே மிதி

ஏற்காட்டில் ஒரு குரு இருந்தார். தாடி கிடையாது, ஆசிரமம் கிடையாது. பல் பிடுங்குவது தொழில். பெயர் பிலோமினா. வாரம் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் குனிந்து பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆனால் தன்னுடைய பழைய பத்மினி காரின் அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். அந்தக் காரை அவர் எந்தப் பட்டறைக்கும் அனுப்பியதில்லை.

அவருக்கு ஒரே ஒரு சீடர். குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தண்டபாணி.

தண்டபாணிக்கு ரொம்ப நாளாகக் கார் ஆசை. புதுக் கார் வாங்க வசதிப்படவில்லை. மலிவாக வந்தது என்று அவரும் ஒரு பழைய பத்மினியை வாங்கிவிட்டார். ஊர் மெக்கானிக் பானெட்டைத் திறந்தார், பார்த்தார், மூடினார்.

"சார், இதுக்கு சாமான் தேடியே எனக்கு வயசாயிடும். நம்ம பல் டாக்டரம்மா இதே வண்டிதான் வச்சிருக்காங்க. அவங்களைப் போய்ப் பாருங்க."

காலமெல்லாம் பிள்ளைகளைக் கை கட்டி நிற்க வைத்த மனிதர் பல் டாக்டர் வீட்டு வாசலில் போய்க் கை கட்டி நின்றார். பிலோமினா அவருக்கு ஒரு பழைய சட்டையும் ஒரு ஸ்பேனரும் கொடுத்தார். அவ்வளவுதான் தீட்சை.

ஆயில் மாற்றக் கற்றுக்கொண்டார். பிளக் துடைக்கக் கற்றுக்கொண்டார். பிரேக்கில் ஏர் எடுக்கவும் கற்றுக்கொண்டார். அது இரண்டு பேர் வேலை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்தடியில் படுத்துக்கொண்டு, காற்று போகும் திருகைத் திறந்து மூட வேண்டும். கீழே படுத்திருப்பவருக்குப் பெடல் தெரியாது. அதனால் பிலோமினா கீழிருந்து கேட்பார்:

"கால் என்ன சொல்லுது?"

உள்ளே இருப்பவர் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். பஞ்சு மாதிரி இருக்கிறது, கெட்டியாக இருக்கிறது, இறங்குகிறது. இந்த மூன்றில் ஒன்று. தண்டபாணி ஆரம்பத்தில், "பரவாயில்லைன்னு தோணுதுங்க" என்பது போல ஏதாவது சொல்லுவார். கீழே ஸ்பேனரைப் போடும் சத்தம் கேட்கும். அவர் சரியான வார்த்தையைச் சொல்லும் வரை வேலை நடக்காது.

நல்ல மாணவர்தான். அடுத்த வண்டியில் போகிறவர்களிடம் கூடத் தன் வண்டியின் குணத்தை விளக்குகிற அளவுக்குத் தேறிவிட்டார்.

சுலோச்சனா மட்டும் மசியவில்லை. அவர் மனைவி. முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவருக்குத் தெரியாத குணமா?

"டாக்டரம்மா பாத்து சரின்னு சொன்னா ஏறுறேன். நீங்க சொன்னா ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

இந்தச் சொல் தண்டபாணியைச் சுட்டது. ஆனாலும் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

இப்போது மகள் கயல்விழி வருகிறாள். பிரசவம் பெங்களூரிலேயே ஆகிவிட்டது. குழந்தையோடு முதல் தடவையாகத் தாய் வீட்டுக்கு வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சேலத்தில் இறங்குவாள். கீழே போய் அழைத்துக்கொண்டு, கொண்டை ஊசி வளைவுகளெல்லாம் ஏறி வர வேண்டும். "என் பேரன் என் வண்டியிலதான் மலை ஏறுவான்" என்று தண்டபாணி தபால்காரர் வரைக்கும் சொல்லி வைத்திருந்தார். பின் இருக்கைக்குச் சின்ன மெத்தை கூடத் தைத்தாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் பிரேக் ஆயில் குறைய ஆரம்பித்தது.

முதலில் கொஞ்சம் ஊற்றினார். மறுபடி குறைந்தது. மறுபடி ஊற்றினார். முன்பக்கத்து இடது சக்கரத்தின் உள்புறம் ஈரமாக இருந்தது. என்ன என்று அவருக்குத் தெரியும். உள்ளே இருக்கிற சின்ன சிலிண்டரில் ரப்பர் போய்விட்டது. அதே குரு அதே சக்கரத்தில் விரலை வைத்துச் சொல்லிக் கொடுத்த பாடம்தான் அது. சிலிண்டரை மாற்ற வேண்டும். சாமான் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் வராது.

தண்டபாணி யோசித்தார். பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்ஷன் வரும்போதெல்லாம் அவர் செய்தது ஒன்று உண்டு. விரிசல் விட்ட சுவருக்கு முன்னால் பீரோவை நகர்த்திவிடுவார். எந்தக் கேள்விக்கு எந்தப் பையன் கை தூக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லி வைத்துவிடுவார். அவர் பள்ளிக்கூடம் ஒரு தடவை கூடக் கெட்ட பெயர் வாங்கியதில்லை.

ஞாயிறு காலையில் எழுந்து பானெட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவைக் கோடு வரை நிரப்பினார். மண்ணெண்ணெய் தொட்டு இடது சக்கரத்தை உள்ளும் புறமும் துடைத்தார். பெடலை நாலு தடவை எடுத்து எடுத்து மிதித்தார். கல் மாதிரி நின்றது. இது போதும், இன்றைக்கு ஒரு நாள் தாங்கினால் போதும், சாமான் வந்ததுமே கழற்றி மாற்றிவிடலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

வண்டியைப் பார்த்துச் சரி சொல்வதற்காகப் பிலோமினா வந்தார். சுலோச்சனா பட்டுப் புடவை கட்டி, வெந்நீர் பிளாஸ்க்கும் குழந்தைக்கான துணிகளும் அடங்கிய கூடையோடு வாசற்படியில் தயாராக நின்றார்.

பிலோமினா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பானெட்டைத் திறந்து டப்பாவைப் பார்த்தார். நான்கு சக்கரங்களையும் குனிந்து பார்த்தார். எழுந்து கைப்புழுதியைத் தட்டிக்கொண்டார்.

தண்டபாணி பொறுக்க மாட்டாமல் கேட்டார்:

"டாக்டரம்மா, ஒரு வண்டி சரியா இருக்குன்னு எப்பங்க சொல்லலாம்?"

"யாரு சொல்றது?"

"நீங்கதான் சொல்லணும். நீங்க சொன்னாத்தான் இவ ஏறுவா."

"இந்த வண்டிய தினம் மிதிக்கிறது நீங்க சார். நீங்க சொல்லுங்க. பிரேக் எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குதுங்க."

"அப்ப உள்ள ஏறி உக்காருங்க."

வண்டி வீட்டு வாசலில் நின்றது. அங்கிருந்து கீழே நல்ல சரிவு. சரிவு முடிகிற இடத்தில் கருங்கல் சுவர். வண்டியின் மூக்கு சுவரைப் பார்த்து இருந்தது. மலையில் எல்லோரையும் போலத் தண்டபாணியும் சக்கரத்துக்கு முன்னால் கட்டை வைத்திருந்தார். அவர் உள்ளே ஏறி உட்கார்ந்ததும் பிலோமினா சொன்னார்:

"இன்ஜின் வேணாம். நியூட்ரல்ல போடுங்க. பிரேக்கை மிதிங்க. ஒரே மிதி. எடுத்து எடுத்து மிதிக்கக் கூடாது."

தண்டபாணி மிதித்தார்.

"இப்ப ஹேண்ட் பிரேக்கை இறக்குங்க."

இறக்கினார். பிலோமினா குனிந்து கட்டையை உருவினார். அதைத் தூக்கித் தூரப் போட்டார். பிறகு நேராகச் சரிவில் இறங்கிப் போய், வண்டிக்கும் சுவருக்கும் நடுவில், சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார்.

தண்டபாணி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"அங்க எதுக்குங்க நிக்கிறீங்க?"

"நல்லா இருக்குதுன்னு சொன்னீங்களே சார். எங்க நின்னா என்ன?"

சுலோச்சனாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கூடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கால் என்ன சொல்லுது?" என்று சுவரோரம் இருந்து பிலோமினா கேட்டார்.

"கெட்டியா இருக்குது."

அது உண்மை. அந்த நிமிஷம் வரை உண்மை.

பிலோமினா சுலோச்சனாவைப் பார்த்து, "பேரனுக்குப் பேர் வச்சாச்சா?" என்றார்.

"இன்னும் இல்லீங்க. ஜாதகம் பாக்கோணும்னு இவரு சொல்றாரு."

தண்டபாணியின் பாதத்துக்கு அடியில் பெடல் லேசாக அசைந்தது. அசைந்ததா, மனப்பிரமையா என்று அவர் யோசிக்கும்போதே இன்னும் கொஞ்சம் இறங்கியது. சத்தமே இல்லை. ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு என்று இடது சக்கரத்துக்குள் அது போய்க்கொண்டிருப்பது அவருக்குக் கண்ணால் பார்ப்பது போலத் தெரிந்தது.

காலை ஒரு தடவை எடுத்து மிதித்தால் போதும். மறுபடி கெட்டியாகிவிடும். ஆனால் எடுக்கிற அந்த ஒரு நொடியில் வண்டி உருளும்.

"கால் என்ன சொல்லுது சார்?"

சுலோச்சனா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் இப்போது ரயிலில் இருப்பாள். இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் போதும், டாக்டரம்மா சரி என்று சொல்லிவிடுவார், அப்புறம் ஒரு வார்த்தை பேச முடியாது இவளால்.

"கெட்டியா இருக்குதுங்க" என்றார் தண்டபாணி.

பிலோமினா தலையை ஆட்டினார். அத்தோடு நிற்காமல் திரும்பிக்கொண்டார். சுவரில் முளைத்திருந்த செடி ஒன்றைப் பிடுங்க ஆரம்பித்தார். இப்போது அவர் முதுகுதான் வண்டியைப் பார்த்து இருந்தது.

தண்டபாணி இரண்டு காலையும் பெடல் மேல் வைத்து அழுத்தினார். அழுத்த அழுத்த அது இன்னும் வேகமாக இறங்கியது. முன் கண்ணாடிக்கு வெளியே அந்த முதுகு மட்டும் தெரிந்தது. பழைய பருத்திச் சட்டை, நரைக்க ஆரம்பித்த கொண்டை. செடியின் வேர் வரவில்லை போலிருக்கிறது, அவர் நிதானமாக மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்.

பெடல் தரையைத் தொட்டது.

வண்டி ஒரு முனகலோடு நகர்ந்தது.

"இறங்குது! டாக்டரம்மா, இறங்குது, நகருங்க!"

கத்திக்கொண்டே ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். பின் சக்கரங்கள் கிறீச்சிட்டு நின்றன. வண்டி குலுங்கியது. பம்பருக்கும் பிலோமினாவுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது.

பிலோமினா திரும்பிப் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது. அவரும் மனுஷிதானே. கையிலிருந்த செடியைக் கீழே போட்டுவிட்டு, வண்டியின் பக்கவாட்டில் ஒட்டி நடந்து மேலே வந்தார். முதலில் கட்டையைத் தேடி எடுத்துச் சக்கரத்துக்கு முன்னால் வைத்தார்.

தண்டபாணி கதவைத் திறந்தார். இறங்க முடியவில்லை. காலை வெளியே தொங்கப் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"இடது பக்கம் ஒழுகுதுங்க. கொஞ்ச நாளாவே ஒழுகுது. ஊத்தி ஊத்தி ஓட்டிக்கிட்டு இருந்தேன்" என்றார். மனைவியின் பக்கம் திரும்பாமலே, "சுலோச்சனா, டாக்சிக்குச் சொல்லிரு" என்றார்.

சுலோச்சனா கூடையைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போனார். போன் பேசுகிற குரல் கேட்டது. அவர் ஏதாவது திட்டியிருந்தால் தண்டபாணிக்குத் தேவலை போல் இருந்திருக்கும்.

பிலோமினா வண்டியிலிருந்து ஜாக்கியை எடுத்து வந்து இடது சக்கரத்தருகே வைத்தார்.

"நீங்க அப்பவே கண்டுபிடிச்சிட்டீங்க" என்றார் தண்டபாணி. "இந்தச் சக்கரத்தைக் குனிஞ்சு பாத்தப்பவே."

"மூணு சக்கரம் புழுதியா இருக்குது. ஒண்ணு மட்டும் குளிச்சிட்டு நிக்குது."

"தெரிஞ்சா என்னைக் கேட்டிருக்கலாமே. நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்."

"கேட்டேனே சார். மூணு தடவை கேட்டேன்."

தண்டபாணி தலையைக் குனிந்துகொண்டார். முப்பத்தைந்து வருஷம் எத்தனையோ பையன்களை அவர் இப்படித் தலை குனிய வைத்திருக்கிறார். அவர்களில் ஒருவனுடைய முகம் கூட இப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. அது அவருக்கு வெட்கமாக இருந்தது.

பிறகு கேட்டார்:

"பிரேக் நிக்காதுன்னு தெரியும். நான் பொய் சொல்றேன்னும் தெரியும். தெரிஞ்சுமா அங்க போய் நின்னீங்க?"

பிலோமினா சக்கரத்தின் நட்டில் ஸ்பேனரை மாட்டினார். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்:

"உங்களுக்குக் கத்துக் குடுத்தது நான் சார். இந்த வண்டி யாரு மேலயாவது ஏறித்தான் தீரும்னா, முதல்ல என் மேல ஏறட்டும். அந்தக் குழந்தை என்ன பண்ணுச்சு?"